பானையில் ஒட்டிய முகம்

நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது இது. 1974 ஜூலை 18, வியாழக்கிழமை, பட்டப்பகலில், பெருமாட்டியில் இருந்த என் போட்டோ ஸ்டுடியோவில்.

திங்கட்கிழமை கிணறு வெட்டும்போது மண் சரிந்து நஞ்சப்பன் உள்ளே போய்விட்டான். மூன்று நாள் தோண்டியும் ஆள் கிடைக்கவில்லை. மழை வேறு. போதும், நிறுத்துங்கள் என்று அவன் அண்ணன் கந்தப்பன் சொல்லிவிட்டார். வைக்கோலில் ஓர் உருவம் செய்து அன்று சாயங்காலமே எரித்துக் காரியத்தை முடிக்க ஏற்பாடு. தலைக்கு ஒரு மண்பானை. அதில் அவன் முகத்தை ஒட்டித் தரச் சொல்லி, பானையும் கையுமாக வந்து நின்றாள் அவன் மனைவி கமலாத்தாள்.

தட்டையான படம் உருண்டையில் உட்காருமா? நெற்றி படிந்தால் கன்னம் சுருங்கியது. காது அப்பளமாக அகன்றது. நானா விடுவேன்! படத்தை நனைத்தேன். ஓரங்களைத் தையல்காரர் போலக் கீறிவிட்டேன். பசை தடவி, மூக்கிலிருந்து வெளிப்பக்கமாக நீவினேன்.

மணி 2.40. முகம் படிந்துவிட்டது. மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு காற்றுக் கொப்புளம். அமுக்கினேன். மறுபடி எழும்பியது...

ஊசியால் குத்தினேன். உஸ்ஸ்... விரலில் காற்று பட்டது. சூடாக இருந்தது.

"மூச்சு வருதுங்ணா."

"பசை காயல அம்மிணி. அவ்வளவுதான்."

"இன்னொருக்காத் தோண்டச் சொல்லுங்ணா. நீங்க சொன்னா அவிய அண்ணன் கேப்பாருங்."

"மனசத் தேத்திக்க. அந்தப் பக்கம் புடி."

எனக்கும் பயம்தான். ஆனால் வேலை கெட்டுவிடுமே என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது. அவள் பிடித்தாள்.

2.55. எழும்பியது... அடங்கியது... எழும்பியது...

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளிருந்து தள்ளியது.

டொக்... பானைக்குள்.

இன்னும் அழுத்தினேன்.

3.10.

எழும்பவில்லை.

ஆறு மணிக்கு எரித்தார்கள்.

மறுநாள் போலீஸ் விடாப்பிடியாகச் சொன்னதால் மறுபடி தோண்டினார்கள். ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டான். பாறை இடுக்கில் உட்கார்ந்தபடி இருந்தான். வாயிலும் மூக்கிலும் ஒரு பொட்டு மண் இல்லை. இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, நேற்று மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.

கமலாத்தாள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நானுந்தானுங்ணா புடிச்சேன்."