உப்பெடுத்த தண்ணீர்

என் தம்பியைத் தண்ணிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். உப்புத் தண்ணீரை இயந்திரத்தில் விட்டு உப்பை எடுத்து, கேனில் அடைத்து வீடு வீடாகப் போடுகிறவன். உப்பு அளக்கும் மீட்டர் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். விருந்துக்குப் போன வீட்டில்கூட டம்ளரில் அதை முக்கிப் பார்த்து, "உப்பு ஜாஸ்தி" என்று சொல்லி என் மானத்தை வாங்கியவன்.

அவனுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். படிக்கிற வயசு, பாவி. அவள் விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் ஒரு பேத்தை மீனும். பச்சை உடம்பில் கரும்புள்ளிகள். பயந்தால் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும். கண்ணை உருட்டி உருட்டி நம்மையே பார்க்கும்.

தம்பி பெண்டாட்டி கட்டிலே கதி என்று ஆகிவிட்டாள். பேச்சு கிடையாது. காலையில் மீனுக்கு நத்தை போட மட்டும் எழுவாள். எழுந்த சூட்டோடு முகம் கழுவி இரண்டு வாய் சாப்பிடுவாள்.

"மீன் இருக்கிற வரைக்கும் இவ எந்திரிப்பாக்கா," என்பான் தம்பி.

அதனால் மீனுக்கு ராஜ உபசாரம். முதல் வேலையாகத் தொட்டியில் மீட்டரை முக்கினான். எண் எகிறியது.

"ஐயோ, இந்தப் புள்ள இவ்வளவு உப்புத் தண்ணியிலயா வச்சிருந்தா!"

பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுத் தன் கேன் தண்ணீரை ஊற்றினான். சில வாரங்களில் மீன் வெளுக்க ஆரம்பித்தது. புது ஃபில்டர் மாட்டி இன்னும் சுத்தமான தண்ணீர் ஊற்றினான். மீன் நத்தையைத் தொடவில்லை, மூலையில் ஒதுங்கியது.

"டேய், சும்மா தண்ணியவே நோண்டாத. விக்கிறவனக் கேளு!" என்று திட்டி, மீன் கடைக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் போனிலிருந்த படத்தைப் பார்த்தார். "இது ஆறும் கடலும் கலக்கிற இடத்து மீனுண்ணே. வளர வளர உப்பு கூடணும். இத்தனை நாள் நல்லா இருந்துச்சே, யாரு பாத்துக்கிட்டா?"

தம்பி கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடல் உப்பு வாங்கி வந்தோம். ஒரேயடியாகப் போட்டால் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். வாழ்நாளெல்லாம் உப்பை எடுத்த கை, சிட்டிகை சிட்டிகையாக உப்பைக் கரைத்தது. மீட்டர் மெல்ல ஏறியது. மீனுக்குத்தான் அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு காலையில் வயிறு மேலே தெரிய மிதந்தது.

நத்தைக் கிண்ணத்தோடு வந்தவள் நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அவ வச்ச தண்ணிய ஏங்க கொட்டுனீங்க?"

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் அவள் எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை.

"ஒரு வாய் தண்ணியாவது குடிம்மா," என்று டம்ளரோடு கட்டிலருகே நிற்கிறான் தம்பி. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.