சாவடியில் கொதிக்கும் கார்

எங்கள் பழைய கார் ஓடும்போது ஒரு கரைச்சலும் தராது. நின்றால்தான் கொதிக்கும். நிற்கிற எல்லா இடத்திலும் அல்ல, சோதனைச் சாவடி வரிசையாகப் பார்த்துக் கொதிக்கும். எங்களோடு சேர்ந்து அதற்கும் பயம் பிடித்துவிட்டது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. என் கணவருக்கு அந்தப் பகிடி பிடிப்பதில்லை.

யுத்த காலம். வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். நான் நிறைமாதம். என்னைப் பார்த்துவந்த டொக்டர் கொட்டாஞ்சேனையில் ஒரு நேர்சிங் ஹோமில் இருந்தார். முதல் பிள்ளையை ஏழாம் மாதத்தில் இழந்தபோது என் உயிரைக் காப்பாற்றியவர் அவர். வேறு ஒருவரிடமும் போகமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பிள்ளைப்பேற்றுக் குத்து தொடங்கினால் உடனே வரவேண்டும், ஓட்டோவில் குலுங்கிக்கொண்டு வரக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை என்றால் காலி வீதி நெடுகப் போய், கோட்டை, புறக்கோட்டை எல்லாம் தாண்டவேண்டும். இடையில் எத்தனை சாவடி என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இந்தக் கார் நடுவழியில் நின்றால் இந்தப் பிள்ளையும் போய்விடும் என்பதுதான் படுக்கும்போதும் எழும்பும்போதும் என் நினைப்பு.

முதல் தடவை அது கொதித்தது, டொக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு சாவடியில். திடீரென்று பொனற்றுக்குள்ளிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை. சாவடியில் ஒரு கார் புகைந்தால் அதைக் குண்டு என்றுதான் நினைப்பார்கள். ஆமிக்காரர்கள் பின்னுக்கு ஓடினார்கள், துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின, இறங்கு இறங்கு என்று கத்தினார்கள். நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைபாதையில் போய் இருந்தேன். என் கணவர் கையை உயர்த்தியபடி நின்றார். கந்தோரில் முழுநாளும் சிங்களத்தில் வேலை செய்கிற மனுசனுக்கு அந்த நேரம் வாயில் வந்தது ஒரேயொரு சொல்தான்: "வத்துர, வத்துர." வெறும் தண்ணீர் ஆவிதான் என்று சொல்ல நினைத்திருக்கிறார். பொனற்றைத் திறந்து பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு ஒரு ஆமிக்காரர் ஒரு போத்தல் குடிதண்ணீரைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கி மடமடவென்று குடித்தார். இதைச் சொல்லிச் சொல்லிப் பிறகு அவரை நிறைய நக்கலடித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

கந்தோரில் ஒருவர் சொல்லி, நுகேகொடையில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொடுத்தோம். சிங்களவர், நல்ல பருத்த உடம்பு, நேர்மையான மனுசன். ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவினார். மூடியை மாற்றினார். சூடு பார்த்துத் தண்ணீரைத் திறந்துவிடும் தேமோஸ்ராற்றை மாற்றினார். ஒவ்வொரு முறையும் தானே ஓட்டிப் பார்த்து, சந்தி நெரிசலில் வேண்டுமென்றே நெடுநேரம் நிறுத்திவைத்து, சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையவில்லை என்று சொல்லித்தான் தந்தார். நாங்கள் கொண்டுவருவோம். முதல் சாவடி வரிசையிலேயே முள் கிடுகிடுவென்று ஏறும். என் கணவருக்கு முள்ளைப் பார்க்கத் தெரியாது என்று மெக்கானிக் நினைத்தார். மெக்கானிக் ஏமாற்றிப் பேய்க்காட்டுகிறார் என்று இவர் நினைத்தார். இரண்டு பேரும் ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று நான் நினைத்தேன்.

கடைசியில் பொறுக்கமுடியாமல், "அந்தாளை எங்களோட ஒருக்கா வரச்சொல்லுங்கோ. நாங்கள் ஓடுற மாதிரி ஓடிக் காட்டுவம்," என்றேன்.

"இந்த வயித்தோட நீர் எங்க வாறது?"

"கொதிச்சால் நடுறோட்டில நிக்கப்போறது நான்தானே. நான் வருவன்."

அப்படியே போனோம். இவர் ஓட்டினார், மெக்கானிக் பக்கத்தில், நான் பின்சீற்றில். நுகேகொடைச் சந்தியில் நெரிசலில் நின்றோம். ஏசி குளுகுளுவென்று ஓடியது, முள் அசையவில்லை. மெக்கானிக் திரும்பி என்னைப் பார்த்து, பார்த்தீர்களா நோனா என்பதுபோலச் சிரித்தார். பிறகு பாலத்தடிச் சாவடி தெரிந்தது. நீளமான வரிசை.

சாவடி தெரிந்தவுடன் என் கணவர் ஒரு சடங்கு செய்வார். முதலில் பாட்டை நிறுத்துவார். பிறகு ஏசியை நிறுத்துவார். நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்குவார். அடையாள அட்டைகளை எடுத்து முன்னால் வைப்பார். எனக்கு இது அறவே பிடிக்காது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் இப்படிக் கூனிக்குறுகவேண்டும் என்று பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்கும் அதையே செய்தார். வெக்கை உள்ளே அடித்தது. வரிசை ஊர்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் எழும்பத் தொடங்கியது.

மெக்கானிக் முள்ளைப் பார்த்தார், ஏசி பொத்தானைப் பார்த்தார். "ஏன் மாத்தயா, ஏசியை நிப்பாட்டினீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இவர் முன்னால் வைத்த அட்டைகளை எடுத்துச் சரிபார்த்துத் திரும்ப வைத்தார். நான்தான் என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்: "உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். மூடிக்கொண்டு போய் நின்றால் எங்களை இறக்கிவிடுவார்கள்."

"எல்லா நாளுமா?"

"எல்லாச் சாவடியிலும்."

"நாங்க அப்பிடிச் செய்யிறதில்லையே," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அவருக்கு வெக்கை ஆகாது. எங்கள் காரை ஓட்டிப் பார்த்த நாளெல்லாம் ஏசியைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார். சாவடியில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி ஒரு வார்த்தை சொன்னால் அவரைப் போ என்று விட்டுவிடுவார்கள்.

"இப்ப ஏசியைப் போடுங்க," என்றார். போட்டதும் முள் ஏறுவதை நிறுத்தி, மெல்ல மெல்ல இறங்கியது.

சாவடி தாண்டி ஓரமாக நிறுத்திப் பொனற்றைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு காற்றாடி. பெரியது எஞ்சினுக்கு, சின்னது ஏசிக்கு. பெரியதன் மோட்டர் செத்துப்போயிருந்தது. கார் ஓடும்போது காற்று தானாகவே ரேடியேற்றரில் அடிக்கும். நின்றால் காற்றாடிதான் இழுக்கவேண்டும். ஏசி போட்டிருந்தால் சின்னது சுழன்று இரண்டு பேருடைய வேலையையும் பார்க்கும். ஏசியை நிறுத்தினால் ஒன்றும் சுழலாது. சுழல்கிற ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் விட்டேனே என்று தலையில் தட்டிக்கொண்டார். இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருந்த பயத்தைப் பிறத்தி மனுசன் கண்டுவிட்டாரே என்ற வெட்கம் என் கணவர் முகத்தில் இருந்தது. அவரோடு பிடித்த சண்டையெல்லாம் நினைவுக்கு வந்து, எனக்கு அவர்மேல் அப்படியொரு இரக்கம் வந்தது.

புது மோட்டர் வாங்க வழியில்லை. சித்திரைப் புதுவருடம் வந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் எல்லாம் பூட்டு. மெக்கானிக்கும் ஊருக்குப் போகிறார். "நான் வரும்வரைக்கும் கண்ணாடி ஷட்டரை இறக்குங்க, ஏத்துங்க, என்னவும் செய்யுங்க. ஏசியை மட்டும் நிப்பாட்ட வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைகள் திறக்குமுன் எனக்குக் குத்து தொடங்கிவிட்டது. நல்ல மத்தியான வெயில். கொள்ளுப்பிட்டிச் சாவடி தெரிந்ததும் இவருடைய கை தன்பாட்டில் ஏசி பொத்தானுக்குப் போனது. நான் பின்னாலிருந்து அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தேன்.

"நிப்பாட்டாதேங்கோ!"

"நிப்பாட்டேல்லை, நிப்பாட்டேல்லை. பயப்பிடாதையும்."

ஆனால் கண்ணாடிகளை இறக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. நான்கும் இறங்கின. ஏசி முழு வேகத்தில் இரைந்தது. ஒரு ஆமிக்காரப் பெடியன் குனிந்தான். குளிர்காற்று அவன் முகத்தில் அடித்தது. திறந்த ஜன்னலைப் பார்த்தான், ஏசியைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். வழமைக்கு மாறாக எதைக் கண்டாலும் சந்தேகப்படுகிற காலம். இறங்கச் சொன்னால் நான் எப்படி இறங்குவேன்? அந்த நேரம் பார்த்து அடுத்த குத்து வந்தது. நான் என்னையறியாமல் குழறிக் கத்திவிட்டேன்.

அவன் என் பக்கம் எட்டிப் பார்த்தான். "ஷட்டரை மூடுங்க மாத்தயா," என்றான் சிங்களத்தில். "அக்காவுக்கு வேண்டிய குளிர் எல்லாம் வெளியில போகுது." சொல்லிவிட்டு முன்னால் ஓடி, எங்களுக்கு முன் நின்ற வாகனத்தை ஒதுக்கினான்.

இவருக்குக் கண்ணாடிப் பொத்தான் அகப்படவில்லை. தடவித் தடவிப் பார்த்தார். ஒரு ஆமிக்காரருக்கு முன்னால் கண்ணாடியை இறக்கித்தான் அவருக்குப் பழக்கம், ஏற்றிப் பழக்கமில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆண்பிள்ளை. முழுசாக, உயிரோடு, உரத்து அழுதுகொண்டு பிறந்தான். அந்தப் பெடியன் எங்கிருந்தாலும் நல்லாயிருக்கவேண்டும் என்று மனதார நினைத்தேன். என் காரின் கண்ணாடியை மூட இன்னொருவர் உத்தரவு தரவேண்டியிருந்ததை நினைக்க ஆத்திரமும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன, இன்றைக்கும் ஒன்றாகத்தான் வருகின்றன.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தபோது மெக்கானிக் புது மோட்டரைப் பூட்டி, காரை நேர்சிங் ஹோம் வாசலுக்கே கொண்டுவந்து தந்தார். இனி எங்கும் நிற்கலாம், ஏசி போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் போனார்.

திரும்பும் வழியில் சாவடி தெரிந்ததும் இவர் பாட்டை நிறுத்தினார். ஏசியை நிறுத்தினார். கண்ணாடிகளை இறக்கினார். கார் கொதிக்கவில்லை. நானும் சண்டை பிடிக்கவில்லை. பிள்ளை என் மடியில் நித்திரை. வெயில் படாமல் ஒரு மெல்லிய துணியால் முகத்தை மூடியிருந்தேன். ஆமிக்காரர் எங்கள் பக்கம் வருவதற்கு முன்பே, அந்தத் துணியை விலக்கி, பிள்ளையின் முகம் நன்றாகத் தெரியும்படி ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அப்படிச் செய் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.