எந்த எல்ல?

இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில், சுற்றுலா வான் ஓட்டும் கிருஷாந்துக்குத் தெரியாத இடம் கிடையாது. சிவனொளிபாதமலைக்கு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும், உடவளவையில் யானை எந்தப் பக்கம் நிற்கும், எல்லாம் விரல் நுனியில். இத்தனைக்கும் வான் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி அவன் எங்கேயும் போனதில்லை. இரத்தினபுரிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவனுக்குச் சுற்றுலா என்றால் அடுத்தவர் பையைத் தூக்குவதுதான்.

வான் பவாஸ் முதலாளியுடையது. "நெட்ல ஏற்கனவே ரெண்டு பேர் உன்னப் பத்திக் குற எழுதீக்காங்க. இந்தப் பார்ட்டியும் எழுதினா சாவிய வெச்சிட்டுப் போ. நல்லா எழுதினா நீதான் பெர்மனன்ட் டிரைவர்" என்று சொல்லியிருந்தார்.

வேலை நிரந்தரமானால் மனைவி விஜயகலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டாம். மூன்று வயது அபிஷாவை விட்டுவிட்டு இரண்டு வருஷம் இருக்க வேண்டாம். ஏஜென்சிக்காரனுக்கு அன்று பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பார்ட்டி என்பது யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற இரத்தினசபாபதியும் அவர் மனைவியும். காலையில் ஏறியதும், "எல்லக்கு விடுங்கோ தம்பி" என்றார்.

விட்டான். சிங்களத்தில் எல்ல என்றால் நீர்வீழ்ச்சி. இந்தப் பக்கத்தில் வெறுமனே எல்ல என்றால் குருவிட்டைக்குக் கிட்ட உள்ள போபத் எல்லதான். பக்கத்து ஊவா மாகாணத்தில் எல்ல என்று ஒரு ஊரே இருப்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். பாழாய்ப்போன புத்திக்கு அந்த நேரம் வரவில்லை.

"ஒன்பது வளைவுப் பாலம் எங்க தம்பி?" அருவிக்கு முன்னால் இறங்கி நின்று பெரியவர் கேட்டார்.

கிருஷாந்துக்கு அப்போதுதான் ஊவா எல்ல ஞாபகம் வந்தது. அந்தப் பாலம் அங்கே, நாலு மணி நேரத்துக்கு அப்பால். வெட்கத்தை விட்டுக் கும்பிட்டான். "தப்பு என் மேலதாங்க ஐயா. குற மட்டும் எழுதிராதீங்க. வேல போயிருங்க. சம்சாரம் வெளிநாடு போயிருவாங்க. புள்ளைக்கு மூணு வயசுதாங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அழாதையும். இதுவும் வடிவாத்தான் கிடக்கு. குறை ஒண்டும் எழுதமாட்டன்" என்றார் அந்த நல்ல மனிதர்.

மதியம் தாண்டி அவர்களை ஊவா எல்லயில் இறக்கியதும் வீட்டுக்குப் போன் எடுத்தான். "பொழச்சோம் கலா. போகலன்னு சொல்லிரு."

ஒரு மணி நேரத்தில் முதலாளி எடுத்தார். பெரியவர் எழுதியதை வாசித்தே காட்டினார். அஞ்சு ஸ்டார். 'அருமையான பிள்ளை. தவறுதலாக வேறோர் எல்லக்குக் கொண்டுபோய்விட்டு, கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். இப்படி ஒரு நேர்மையாளரை நாங்கள் கண்டதில்லை.'

"ஊரே வாசிச்சுச் சிரிக்குது. நாளைக்கு சாவியக் கொண்டா" என்றார் பவாஸ்.

கிருஷாந்த் கெஞ்சினான். அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. கையிலேயே போன் மறுபடி அடித்தது. விஜயகலா.

"ஏஜென்சிக்குப் போகலன்னு சொல்லிட்டேங்க! அபிஷா என்னா குதி குதிக்கிறா தெரியுமா? பேசுங்க, குடுக்கிறேன்."

"அவகிட்ட குடுக்காத கலா," என்றான் கிருஷாந்த். "ஏஜென்சிய மூடிறதுக்குள்ள திரும்ப எடுத்து, போறேன்னு சொல்லு."