திண்டிவனம் பேருந்தில் எட்டுத் தூரத்துச் சொந்தங்கள்

சனிக்கிழமை காலை 5.20. விழுப்புரத்தில் நானும் தங்கை கவிதாவும் புதுச்சேரி பேருந்தில் ஏறினோம். எனக்கு எலக்ட்ரிகல் கடை. அவள் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். தண்ணீர்ப் பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டாள். எதற்கென்று கேட்டது என் தப்பு.

மிதவைக் கயிற்றில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் பீச்சும் ஒரு கடல் உயிரை எடுக்கப் போகிறோமாம். குஞ்சாக இருக்கையில் தலைப்பிரட்டைபோல நீந்துமாம். நம்மைப் போலவே முதுகில் நரம்புக் குழாய் உண்டாம். ஓரிடத்தில் ஒட்டியதும் வால் போய்விடும், மூளையிலும் பெரும்பங்கு கரைந்துவிடும்.

“அப்ப நமக்குச் சொந்தமா?”

“தூரத்துச் சொந்தம்ணா. எல்லா செல்லுலயும் ஒரே வயரிங்தான். நரம்பு உருவாகும்போது எந்த ஜீன் எங்க, எப்ப லைட்டு மாதிரி எரியுதுன்னு பாக்கணும்.”

வயரிங் புரிந்தது. மற்றது புரியவில்லை.

7.40. புதுச்சேரியிலிருந்து ஆட்டோவில் பத்து கிலோமீட்டர், 250 ரூபாய், பொம்மையார்பாளையம். மீனவர் சேகர் மிதவைக் கயிற்றைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார். “மாசத்துக்கு ஒரு தபாதாங்க தூக்குவோம். இத துன்னவும் முடியாது, இன்னாத்துக்குங்க?”

“சொந்தக்காரங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

எட்டு உயிர்களைப் பெட்டியில் விட்டுக் கறுப்புத் துணியால் மூடினாள். இந்த மாதத்துக்குள் சோதனை முடியாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். “துணிய எடுக்காதணா” என்றாள். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

10.30. புதுச்சேரி திரும்பித் திண்டிவனம் பேருந்து, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கவிதா உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.

“மீன் பொட்டி ஏத்தக் கூடாதுங்க, எறங்கிக்குங்க” என்றார் நடத்துநர்.

“மீன் இல்லைங்க.”

“தொறந்து காட்டுங்க.”

காட்டினேன். அவர் செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்தார். “இன்னாங்க இது, ஒடம்பு கீது, தலயக் காணோம்?” நாற்றம் இல்லையென்று தெரிந்ததும் மெஷினில் இரண்டு டிக்கெட் அடித்துக் கொடுத்தார். பக்கத்து இருக்கைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பெருமையாகத் திறந்தே வைத்திருந்தேன்.

கிளியனூர் தாண்டியதும் பெட்டித் தண்ணீரில் ரவை தூவியதுபோல ஏதோ பொடிப் பொடியாக மிதந்தது. கவிதா விழித்தாள்.

“துணிய ஏன் எடுத்த? இருட்டுல இருந்துட்டு வெளிச்சம் பட்டா முட்டை விட்டு, உடனே கருவும் கூடிடும்ணா! நாளைக்கு லேப்ல நானே வெளிச்சம் காட்டி நேரம் குறிக்கலாம்னு இருந்தேன். எப்ப பட்டுதுன்னு தெரியலன்னா எல்லாம் வேஸ்ட்.” அவள் கண் கலங்கியது. எப்போது திறந்தேன்? பத்தரையா, பதினொன்றா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

சட்டைப் பையைத் துழாவினேன். டிக்கெட்டில் அச்சாகியிருந்தது: 10.37. டார்ச் அடித்த கையோடு கொடுத்தது.

அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு விரல்விட்டு எண்ணினாள். “அஞ்சு மணி நேரத்துல நரம்புக் குழாய் மூட ஆரம்பிக்கும். நாலு மணிக்குள்ள, வளர்ச்சிய அப்படியே நிறுத்துற மருந்துல போடணும். ஜல்தியா போணும்.”

3.45. ஆய்வகம். “நரம்புக் குழாய் மூடிக்கினு வருது, பாருணா.” நுண்ணோக்கியில் பார்த்தேன். தலை எது, வால் எது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. சரியான நேரத்தில் மருந்தில் போட்டுவிட்டு, நோட்டில் நேரம் எழுதும் இடத்தில் அந்த டிக்கெட்டை ஒட்டினாள். ஜீன் எரிந்த இடத்தில் நீல நிறம் தெரிய ஒரு வாரமாகுமாம்.

மாலை விழுப்புரம் திரும்பிக் கடையைத் திறந்தேன். உள்ளே இருட்டு. சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டு, முதலில் மணி பார்த்தேன்.