குரங்கு காட்டிய கப்பல்கள்

மகள் வாங்கி வந்த பழைய புத்தகத்தில், படத்தை மூடியிருந்த மெல்லிய தாள் சரசரத்தது. என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அறுபதுகளில், குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து வெயிலடித்த ஒரு காலை. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பாய்மரக் கப்பல் படங்கள் நிறைந்த தன் புத்தகத்தைப் பெரியப்பா மதில்மேல் காயவைத்திருந்தார். பிள்ளைகளான எங்களை அட்டையைக்கூடத் தொடவிட மாட்டார். குரங்கு அவரைக் கேட்டா வந்தது?

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடை சுழித்து ஓடியது.

"ஏட்டி, அசையாத! வெரட்டுனா தண்ணில தள்ளிரும்லா" என்றார் பெரியப்பா என்னிடம்.

குரங்கு மெல்லிய தாளைப் பழத்தோல்போல உரித்தது. அடியில் ஒரு தோணி. அடுத்த பக்கத்தில் பாய் புடைத்த பெரிய கப்பல். பெரியம்மா வாழைப்பழத்தோடு மெல்ல நெருங்கினாள்.

எல்லாரும் குரங்கு போகவேண்டுமென்று வேண்டினார்கள். நான் மட்டும் வேண்டினேன்: "குற்றாலநாதா, இன்னும் ஒரே ஒரு பக்கம்."