எனக்குத் துப்பாத மனுசன்

சண்டை பிடித்தால் முகத்தில் துப்ப ஊரே ஓடிவரும், சின்னக் குழாய் ஒன்றை நீட்டி இதற்குள் துப்புங்கோ என்றால் ஒரு குருவியும் வராது. அந்தத் தொழிலைத்தான் நான் செய்தேன்.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில், மன்னார்ப் பக்கம் அடம்பன் சந்தையில் கருவாடு விற்றேன். படிப்புக் குறைவு, வாய் அதிகம். அப்போது வாய்ப் புற்றுநோயை ஆராய ஒரு வைத்தியக் குழு வந்தது. புண் கண்ணில் படுமுன்னமே ஆளின் துப்பலில் சில பொருட்கள் கூடிவிடுமாம். அவற்றை வைத்து நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாமா என்று பார்க்கிறார்களாம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களின் துப்பலை வீடு வீடாய்ச் சேர்த்து ஐஸ் பெட்டியில் கொண்டுவர இரண்டு பெண்கள் வேண்டும் என்றார்கள். ஒருத்தி நான், மெற்றில்டா. மற்றவள் சுகந்தி, தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து திரும்பியவள். எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில்தான் குடியிருந்தாள். படலை தட்டிப் பிழைத்தவர்களே, நாங்கள் தட்டினால் மூடிக்கிடக்கும் படலை, கூட வருகிறவள் இருமினாலே திறக்கும் அல்லவா? அந்த எரிச்சல் தெரிந்தவர்கள் மேலே வாசியுங்கள்.

வெறும் வாய்

துப்பல் எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே வாய் வெறுமையாய் இருக்கவேண்டும். ஆனால் அரசாங்கக் கந்தோர்க்காரர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எங்கள் சனம் என்ன செய்யும்? மரியாதைக்குப் புதுசாய் ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். கட்டுக்கரைப் பக்கம் ஒரு கமக்காரர் அப்படித்தான் சிவந்த வாயோடு நின்றார். கொப்பளிக்கச் சொல்லி, வேப்பமரத்துக்குக் கீழே காத்திருந்தேன். நேரம் முடியப்போகிற சமயத்தில் அவருடைய மச்சான் வந்தார். மச்சானுக்கு வெற்றிலைத் தட்டம் நீட்டிவிட்டுத் தான் போடாமல் இருப்பாரா? மறுபடியும் வாய் சிவப்பு.

எனக்குக் கோபம் மூக்கில் நிற்கும். "ஐயா, நான் உங்களிட்டை வயலை எழுதித் தரச்சொல்லிக் கேட்டனானோ? துப்பல்தானே கேட்டனான்!" என்று கத்திவிட்டேன். மனுசன் ஆறுதலாய் மென்று முடித்து, என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்துச் சொன்னார்:

"முகாமிலை பேர் குடுத்தம், படம் குடுத்தம், கைநாட்டும் குடுத்தம். எங்களுக்கெண்டு மிஞ்சினது வாயிலை ஊறுற துப்பல். அதுக்கும் ஆள் அனுப்பிப் போட்டாங்களோ பிள்ளை?"

எச்சில்

நாங்கள் துப்பல் என்போம். சுகந்தி எச்சில் என்பாள். எங்களுக்கு எச்சில் என்றால் சாப்பிட்டு மிஞ்சின சோறு. விடத்தல்தீவில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "அம்மா, கொஞ்சம் எச்சில் குடுங்கம்மா" என்று அவள் கேட்டபோது, நான் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. அந்த வீட்டம்மா என்னை இரண்டு தரம் விரட்டிக் கலைத்தவர். இவளையும் விளக்குமாற்றோடு கலைப்பதைக் கண்ணாரப் பார்ப்போம் என்று ஒதுங்கி நின்றேன்.

அம்மா திகைத்தார். பிறகு விசயம் விளங்கி, விழுந்து விழுந்து சிரித்தார். அயல் வீடுகளையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அவர் துப்பினார், அவருடைய மனுசன் துப்பினார், வேலிக்கு அங்காலை நின்றவர்களும் வந்து துப்பினார்கள். அதோடும் முடியவில்லை. எனக்குக் குடிக்க ஒரு பிளேன்ரீ தராத அந்த வீட்டில் சுகந்திக்குப் பாய் விரித்து நண்டுக்கறி போட்டார்கள். அவள் மறுக்க, அந்த அம்மா சொன்னதை இன்றைக்கும் என்னால் செமிக்க முடியவில்லை:

"எச்சில் கேட்டு வந்த பிள்ளைக்கு எச்சிலை மட்டும் குடுத்து அனுப்பேலாது, இருந்து சாப்பிடு."

மாங்காய்

அவளுடைய குழாய்கள் நிறைந்து வரும், என்னுடையவை பாதியில் நிற்கும். விடுவேனா? ஒரு புளி மாங்காயை எடுத்துப் போய், ஆட்களுக்கு முன்னால் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் காட்டினேன். குடுக்கவில்லை, காட்டினேன், அவ்வளவுதான். எல்லா வாயும் ஊறி வழிந்தது. நிறைந்த பெட்டியோடு மன்னார் ஆஸ்பத்திரியில் போய் இறங்கியபோது எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

எப்படி நிறைந்தது என்று குழுவின் டொக்டர் கேட்டார். பெருமையாய்ச் சொன்னேன். அவர் அத்தனை குழாய்களையும் ஒதுக்கி வைத்தார். ஆசை காட்டி ஊறவைத்த துப்பல் தண்ணீராய்ப் போய்விடுமாம். தேடுகிற பொருளும் கரைந்து பிடிபடாதாம். தானாய் ஊறி வழிவதுதான் வேண்டுமாம். கடைசியில் சொன்னார்:

"சுகந்தியோடை கொஞ்ச நாள் சேர்ந்து போங்கோ அக்கா. அவ துப்பலைக் கேக்கிறா, நீங்கள் பறிக்கிறியள்."

கதிரை

என் மனுசன் மரியதாஸ் கடலுக்குப் போகிறவர். கன்னத்துக்குள் புகையிலை இல்லாமல் வள்ளம் தள்ளமாட்டார். வேலை கிடைத்த முதல் நாளே அவரைக் கேட்டேன். "போய் ஊர்த் துப்பலைப் பார்" என்றார். பிறகும் கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். அசையவில்லை. இதற்கிடையில் என் கறியைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். உறைப்பாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து மிளகாய்த் தூள் காணாது, இன்னும் போடு என்று புறுபுறுத்த மனுசன்! அடுத்த ஒழுங்கையிலிருந்து சுகந்தி தூக்குச்சட்டியில் தயிர்சாதம் அனுப்புவாள். அதை மட்டும் வழித்துச் சாப்பிடுவார். நீங்கள் என்ன நினைப்பீர்களோ அதைத்தான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஐஸ் எடுக்க வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் கதிரை. கதிரையில் என் மனுசன். தலையைக் குனிந்து, உதட்டோடு குழாயைப் பிடித்து, கோயிலிலும் காட்டாத பணிவோடு வழியவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுகந்தி மூடியோடு நின்றாள். ஐஸ் பெட்டியை நிலத்தில் அடித்தேன். "நான் கேக்கேக்கை எங்கை போனது இந்தத் துப்பல்?" மனுசன் அவசரப்படவில்லை. குழாயை அவளிடம் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"நீ கேட்டால் வாய் காய்ஞ்சுபோகுது மெற்றில்டா. அந்தப் பிள்ளை பக்கத்திலை நிண்டால் தானாய் ஊறுது."

பேரம்

அதற்குப் பிறகு நான் சுகந்தியோடு கதைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் படலையில் வந்து நின்றாள். நான் திறக்கவில்லை. வெளியில் நின்றே சொன்னாள்: "அக்கா, அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. எச்சில்ல ஏதோ கூடியிருக்காம். அத மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாதாம், வாயப் பாக்கணுமாம்." படலைக் கயிற்றைப் பிடித்தேன். ஆனாலும் வாய் அடங்கவில்லை. "தயிர்சாதம் ஊட்டி என்ரை மனுசனை என்னடி செய்தனீ?" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். உறைப்புப் பட்டால் வாய்க்குள் எரிகிறது என்று அவர் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்தால் புகையிலையைப் பறித்து எறிந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். "உறைப்பு எரியுதோ?" என்று நோயின் அடையாளம் தேடி ஊரில் ஒரு வீடு விடாமல் கேட்டவள் நான். வீட்டில் கேட்டதெல்லாம் "அவளின்ரை கைப்பக்குவம் அவ்வளவு ருசியோ?" என்பதுதான். படலையைத் திறந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுகந்தி சொன்னாள்:

"குழாயில துப்பினாத்தான் சோறு அண்ணேன்னு பேரம் பேசினேங்கா. உங்க கூட நடந்து கத்துக்கிட்டதுதான்."

கை

மன்னாருக்குப் பஸ்ஸில் போகும்போது பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். தினமும் கடலில் கிடக்கிற மனுசன் அன்றைக்கு அதைப் பார்க்காமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் கன்னத்தை இழுத்து வெளிச்சம் பிடித்தார். உள்ளே வெள்ளையாய் ஒரு படை. ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுமொழி வரும் வரைக்கும் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அந்த அமைதியை எந்தக் குடும்பத்துக்கும் ஆண்டவர் கொடுக்கக் கூடாது. புற்றுநோய்தான், ஆனால் இப்போதுதான் தலை காட்டுகிறது என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். புண்ணாய் வெடித்த பிறகு வந்திருந்தால் கதை வேறு என்றார் டொக்டர். புகையிலை அன்றோடு போனது.

தையல் ஆறும் வரைக்கும் உறைப்பு ஆகாது. அடம்பனில் நல்ல எருமைத் தயிர் வாங்கி, சோற்றைக் குழைய அவித்து, சுகந்தி சொன்னபடி அளவாய் உப்புப் போட்டு, நானே தயிர்சாதம் செய்தேன். கோப்பையை மடியில் வைத்து முதல் கரண்டியை ஊட்டினேன். மனுசன் கண்ணை மூடி, கவனமாய் விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"பரவாயில்லை. ஆனால் சுகந்தியின்ரை கைக்கு வராது."

எரிச்சல்படுவதற்கும் மனுசன் உயிரோடு இருக்கவேண்டும் என்பதால், என் எரிச்சலை நான் இன்றைக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.