ராவிலே பத்து மணி

எங்கள் சந்தில் ஒரு நாய் இருந்தது. செம்பட்டை நிறம், இடது காது பாதி கிழிந்திருக்கும். சாயாக்கடைச் சேட்டன் காலையில் அதற்கு முந்தின நாள் பன்னைப் போடுவார். எதிர்வீட்டுச் சேச்சி மத்தி மீன் கழுவினால் தலைகளெல்லாம் அதற்குத்தான். என் வீட்டுக்காரர் பாத்திரக்கடையைத் திறந்ததும் முதலில் அதற்கு ரஸ்க், பிறகுதான் சாமி படத்துக்கு விளக்கு. மிச்சச் சோறு என் பங்கு. ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிட்டோம், எல்லாப் பேருக்கும் அது வாலாட்டியது. ஆனால் அதற்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், "நம்ம நாயா அது?" என்பார் வீட்டுக்காரர். சேட்டன் "அதினு ஞான் எந்து செய்யான்?" என்று கிளாஸ் கழுவப் போய்விடுவார். தின்னக் கொடுக்க இத்தனை பேர், பிடித்து நிறுத்த ஒருத்தர் கிடையாது.

நான் மட்டாஞ்சேரிக்கு வாழ வந்து இருபத்திரண்டு வருஷம். வீட்டுக்காரரின் ஊர்ப்பெயர் 'பட்டி' என்று முடியும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கடைக்கு வருகிறவர்கள் ஊரைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இரண்டு பாஷைக்கும் நடுவே என்னென்ன கூத்து நடக்கும் என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்த வீட்டில்தான் இதுவும் நடந்தது.

போன மழை முடிந்ததும் வீட்டுக்காரரின் அக்கா ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கினார். நான் அவரை மதினி என்பேன். புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை, எங்களை விட்டால் அவருக்கு யாரும் இல்லை. வந்த இரண்டாம் வாரமே சந்து முழுவதும் பழக்கம் பிடித்துவிட்டார். இவர் தமிழில் கேட்பார், அவர்கள் மலையாளத்தில் பதில் சொல்வார்கள், அதை இவரே தனக்குத் தோன்றியபடி தமிழாக்கி வந்து எனக்கு ஒப்பிப்பார். சந்தேகம் என்ற ஒன்று அவருக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

ஒருநாள் நான் சுள்ளிக்கல்லில் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கிவிட்டு வந்தேன். வாசலிலேயே மதினி நின்றார்.

"ஏட்டி, அந்த சுகாதாரக்காரப் பிள்ளை வந்துட்டுப் போறா. நாய்க்கெல்லாம் ஊசி போட ஆள் வாராங்களாம். இப்போ இல்லை, மத்த நாள் ஒண்ணுல. ராவுல பத்து மணிக்காம்."

"ராத்திரி பத்து மணிக்கா? அந்நேரம் யாரு மதினி வருவா?"

"பகல்ல நாய் கையில சிக்குமா? அது படுத்த பிறகு வந்து பிடிக்கிறதுதானே புத்தி. கவர்மெண்டுக்கு இதுகூடவா தெரியாது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தப் பெண் உண்மையில் சொன்னது, "மற்றன்னாள் ராவிலே பத்து மணிக்கு" என்பதுதான். மற்றன்னாள் என்றால் நாளை மறுநாள். ராவிலே என்றால் காலையில். மதினிக்குத் தெரியாது, சரி. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிற எனக்கு எங்கே போயிற்று புத்தி?

அந்த நாளை மறுநாள் காலையில் நான் மகளின் கல்லூரி விஷயமாகக் களமசேரி போயிருந்தேன். சாயங்காலம் திரும்பினால் பஜார் ரோட்டு நாய்கள் எல்லாவற்றின் தலையிலும் பச்சைப் பெயிண்ட். ஊசி போட்டதற்கு அடையாளம். எங்கள் நாய் மட்டும் வெறுந்தலையோடு உந்துவண்டிக்கு அடியில் படுத்திருந்தது. சேட்டனைப் பிடித்தேன்.

"அவரு சோதிச்சு, ஆருடெ பட்டியான்னு. ஞான் எந்து பறயான்? வலை கண்டப்போ அது ஓடிப்போயி."

யாருடைய நாய் என்று அவர்கள் கேட்டார்களாம், இவர் என்ன சொல்வாராம். பன் போட்ட கையால் ஒரு நிமிஷம் பிடித்திருந்தால் அது ஓடியிருக்குமா? இருபதடி தள்ளிக் கடையில் இருந்த வீட்டுக்காரர், "நான் யாவாரத்துல இருந்தேன்" என்றார். மதினிதான் எல்லாரையும் மிஞ்சினார். "ராவுல வாரேன்னு சொல்லிட்டுப் பகல்ல வந்து நின்னா நாய் எப்படி நிக்கும்?" என்று அரசாங்கத்தைத் திட்டினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சுகாதாரப் பெண்ணுக்குப் போன் செய்தேன், அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்றாள். ஆட்டோவில் ஏற்றி மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லாமல் விட்டது நான்தான்.

ஒரு மாதம் கழித்து நாய் ரஸ்க்கைத் தொடவில்லை. குரல் கம்மிப்போய், யாரையும் பார்க்காமல் மூலையில் கிடந்தது. வெயில் என்றார்கள். அன்று வாசலில் வடகம் காயப்போட்டிருந்த மதினி, அதைத் துடைப்பத்தால் விரட்டியிருக்கிறார். கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அவர் என்ன செய்தார்? மஞ்சளும் காப்பித்தூளும் வைத்து அப்பி, துணியால் கட்டி, சேலையை இறக்கி விட்டுக்கொண்டு வடகத்தைப் புரட்டிப் போட்டார். மத்தியானம் நான் கடையிலிருந்து வந்தபோது சேலைக்கரையில் இரத்தம் பார்த்தேன்.

கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனேன்.

"காயத்துல தண்ணி பட்டா சீழ் வைக்கும்டி!"

"சீழ் வச்சா ஆறிரும் மதினி. இது வந்தா ஆறாது."

சோப்புப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, முழுசாகக் கால்மணி நேரம் கழுவினேன். அதற்குள் சந்து கூடிவிட்டது. "நம்முடெ பட்டியல்லே, ஒண்ணும் வரில்ல" என்றார் எதிர்வீட்டுச் சேச்சி. இப்போது மட்டும் நம்ம நாய்தானே என்று! பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டு ஊசி போட்டால் போதும் என்றார் சேட்டன். கடை சாத்தியதும் போகலாம் என்றார் வீட்டுக்காரர். "கடையை இப்பவே சாத்துங்க!" என்று நான் கத்தியது படகு ஜெட்டி வரை கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். நான் வெறுந்தலையை நினைத்துக்கொண்டேன். நாயைக் கவனியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க முடியாது என்று சொல்லிக் கையில் ஊசி போட்டு, காயத்தைச் சுற்றியும் மருந்தை ஏற்றினார். மதினி போட்ட கூச்சலில் வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். இன்னும் மூன்று தடவை வர வேண்டும், கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள்.

அந்த நோய் வந்துவிட்டால் தண்ணீர் தொண்டையில் இறங்காது, பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது. அன்றிலிருந்து காலையில் மதினி சாயா குடிக்கும்போதெல்லாம் அடுப்படியில் நின்று பார்ப்பேன். ஒரு மிடறு இறங்கினால்தான் எனக்கு மூச்சு வரும்.

"என்னட்டி என் வாயையே பாக்க?"

"ஒண்ணுமில்லை மதினி, குடிங்க."

நாலாம் நாள் நாய் படகு ஜெட்டிப் பக்கம் செத்துக் கிடந்தது. மிருக ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். அதேதான். நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன், மதினிக்காகவும் அந்த நாய்க்காகவும்.

ஏழாம் நாள் ஊசிக்குப் போனால் எங்கள் சந்தே அங்கே வரிசையில் நிற்கிறது. சேட்டன், தன் கையிலிருந்துதான் அது பன் தின்னும் என்றார். எதிர்வீட்டுச் சேச்சி, தன் காலை நக்காமல் அது படுக்காது என்றார். என் வீட்டுக்காரர், பாத்திர விளிம்பு கிழித்த விரலைக் காட்டி, ரஸ்க் கொடுக்கும்போது நக்கியது என்றார். இத்தனை நெருக்கமும் இத்தனை நாள் எங்கே இருந்தது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

நர்ஸ் பேனாவை எடுத்தார். "பட்டியுடெ உடமஸ்தன் ஆரா?"

உடமஸ்தன் என்றால் சொந்தக்காரன்.  எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"ஞானாணு" என்றேன்.

என் பெயரை எழுதிக்கொண்டார். ஆறு வருஷம் எங்கள் சோற்றைத் தின்ற நாய்க்கு, செத்த பிறகு ஒரு சொந்தக்காரி கிடைத்தாள். மதினி என் முழங்கையை இடித்தார். "நீ எதுக்குட்டி ஏத்துக்கிட்டே?"

"மாவு பொங்குதுன்னு போனது நான்தானே மதினி."

அவருக்குப் புரியவில்லை. அவர் கையைப் பிடித்து வரிசையில் முன்னே நகர்த்தினேன்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசியும் ஆயிற்று. திரும்பும் வழியில் மதினி சேட்டன் கடையில் சாயா கேட்டு வாங்கி, நிறுத்தாமல் ஒரே மூச்சில் குடித்து, காலி கிளாஸை என் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினார்.

"எல்லாம் இறங்கிட்டு. இனிமேலாவது என்னைப் பாக்காம உன் சாயாவைக் குடி."

குடிக்கத்தான் போனேன். உந்துவண்டிக்கு அடியில் அது படுக்கிற இடம் வெறுமையாகக் கண்ணில் பட்டது, எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.